நிரலாளரின் கதவைத் தட்டும் அரசு

2024 அக்டோபரில் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ஏறத்தாழ ஒரு டஜன் பெயர்கள் நீக்கப்பட்டன. பெரும்பாலானவை ரஷ்ய மின்னஞ்சல் முகவரியோடு இருந்தவை. சட்டக் கட்டாயங்களால் நீக்குகிறோம், போதிய ஆவணங்கள் தந்தால் திரும்பி வரலாம் என்பதற்கு மேல் அந்தத் திருத்தத்தில் விளக்கம் இல்லை. எந்தச் சட்டம், என்ன ஆவணம் என்பதெல்லாம் சில நாள் கழித்துத்தான் துண்டு துண்டாக வெளியே வந்தன. அமெரிக்கக் கருவூலத்துறையின் தடைப்பட்டியலில் உள்ள நிறுவனங்களோடு தொடர்புடையவர்கள் பராமரிப்பாளர் பொறுப்பில் இருந்தால் சட்டச் சிக்கல் வரும் என்பது வழக்கறிஞர்களின் கருத்தாம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் முடிவை உறுதியாக ஆதரித்தார். ரஷ்யாவின் அண்டை நாடான பின்லாந்தைச் சேர்ந்தவன் தான் என்பதையும் நினைவூட்டினார். நீக்கப்பட்டவர்கள் கள்ளநிரல் எதையும் நுழைத்ததாகத் திட்டத்தின் சார்பில் குற்றச்சாட்டு ஏதும் வைக்கப்படவில்லை. அவர்கள் எழுதிய நிரலும் கெர்னலை விட்டு வெளியேற்றப்படவில்லை.

இந்த நிகழ்வில் இரண்டு கேள்விகள் பிணைந்து கிடக்கின்றன. முதலாவது சட்டம் சார்ந்தது: கெர்னலுக்குப் பின்னால் இருப்பது போல அமெரிக்காவில் பதிவான ஓர் அறக்கட்டளை அமெரிக்கத் தடைச்சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டுமா? வேண்டும்; அதற்கு வேறு வழி இல்லை. இரண்டாவது நம்பிக்கை சார்ந்தது: ஒரு நாட்டின் அரசு தன் குடிமகனை மிரட்டிப் பணியவைக்கக்கூடும் என்பதற்காக, அந்த நாட்டு நிரலாளரை நம்பாமல் ஒதுக்கிவிடலாமா? அந்த நாட்களில் நடந்த விவாதத்தில் பலர் முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொண்டார்கள். அது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். அரசின் கை எட்டாத இடத்தில் வாழும் நிரலாளர் யாரும் இல்லை. ஆகவே ஒரு திட்டம் கேட்க வேண்டியது, பங்களிப்பவர் எந்த நாட்டவர் என்பதை அல்ல. நெருக்கடிக்கு ஆளான ஒரே ஒருவரால் யார் கண்ணிலும் படாமல் எவ்வளவு கேடு செய்ய முடியும் என்பதைத்தான். அந்த அளவைக் குறைப்பது பயனரைக் காப்பாற்றும், நிரலாளரையும் காப்பாற்றும்.

சட்டங்களைப் பார்த்தாலே இந்த வாதத்தின் முதல் பகுதி, அதாவது அரசின் கை எட்டாத நிரலாளர் இல்லை என்பது, விளங்கிவிடும். சீனாவின் 2017ஆம் ஆண்டு தேசிய உளவுச் சட்டத்தின் ஏழாவது பிரிவு, அமைப்புகளும் குடிமக்களும் உளவுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. 2021 செப்டம்பரில் அங்கே நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, தம் பொருளில் பாதுகாப்புக் குறை இருப்பதை அறிந்த நிறுவனங்கள் 48 மணி நேரத்துக்குள் தொழில்துறை அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதன் விளைவு சில மாதங்களிலேயே தெரிந்தது. லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் இருந்த பெரும் ஓட்டையைக் கண்டுபிடித்த அலிபாபா கிளவுட் ஊழியர், 2021 நவம்பர் 24 அன்று, திறமூல உலகின் நடைமுறைப்படி, அதைப் பராமரிக்கும் அப்பாச்சி அறக்கட்டளைக்கு அறிவித்தார். அமைச்சகத்துக்கு உரிய நேரத்தில் சொல்லவில்லை என்று அந்த நிறுவனத்துடனான தகவல் பகிர்வுக் கூட்டுறவு ஆறு மாதத்துக்கு நிறுத்தப்பட்டது. பராமரிப்பாளருக்கு முதலில் சொல்வது திறமூல உலகில் அடிப்படை நாகரிகம். அங்கே அதற்குத் தண்டனை கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் மென்பொருள் உருவாக்கும் தனிநபரையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்து, உதவும்படி அறிவிப்பு அனுப்ப வழி செய்கிறது. அறிவிப்பு வந்ததை வெளியே சொன்னால் ஐந்தாண்டு வரை சிறை. பரவலான பலவீனத்தை உருவாக்கச் சொல்லக் கூடாது என்று அதே சட்டத்தில் ஒரு வரம்பு இருப்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் லாவாபிட் மின்னஞ்சல் சேவையை நடத்தியவரிடம் 2013இல் நீதிமன்றம் குறியாக்கச் சாவிகளைக் கேட்டது. அவர் சேவையையே மூடினார், ஏன் மூடினார் என்று சொல்லக்கூட அவருக்கு அப்போது அனுமதி இல்லை. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஆம் பிரிவு, குறியாக்கத்தை அவிழ்க்க உதவ மறுப்பவருக்கு ஏழாண்டு வரை சிறை என்கிறது. அந்தப் பிரிவு நிறுவனங்களோடு நிற்பதில்லை, கணினி வளத்துக்குப் பொறுப்பான எவரையும் குறிக்கிறது.

நடுநிலை நாடு என்ற முத்திரையும் காப்பாற்றாது. சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ ஏஜி நிறுவனம் பல பத்தாண்டுகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குக் குறியாக்கக் கருவிகள் விற்றது. 1970 முதல் அதன் ரகசிய உரிமையாளர்கள் அமெரிக்காவின் சிஐஏவும் மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறையும் என்பது 2020 பிப்ரவரியில் வெளிவந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் அதன் வாடிக்கையாளர்கள். வாங்கியவர்கள் சுவிஸ் தரத்தையும் சுவிஸ் நடுநிலையையும் நம்பினார்கள். பெட்டியைத் திறந்து உள்ளே நடப்பதைச் சோதிக்கும் வாய்ப்பு மட்டும் அவர்களுக்குத் தரப்படவில்லை.

இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று எழும். எல்லா அரசும் ஒன்றா? நீதிமன்றத்தில் எதிர்த்து வாதாட முடிகிற நாட்டையும், இரவோடு இரவாக ஆள் காணாமல் போகிற நாட்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வைக்கக் கூடாது. 2016இல் ஐபோனின் பூட்டை உடைக்க உதவுமாறு எஃப்பிஐ கேட்டபோது ஆப்பிள் வெளிப்படையாக எதிர்த்து வழக்காடியது. அன்றைய சிரியாவில் அது நடந்திருக்காது. பாசல் கார்த்தபில் என்ற சிரியப் பாலஸ்தீனர், ஃபயர்பாக்ஸ், விக்கிப்பீடியா, கிரியேட்டிவ் காமன்ஸ் ஆகியவற்றில் பங்களித்தவர், 2012 மார்ச்சில் டமாஸ்கஸில் கைது செய்யப்பட்டார். 2015இல் அவர் கொல்லப்பட்ட செய்தி 2017இல்தான் உலகுக்குத் தெரிந்தது. இந்த வேறுபாட்டை மழுப்புவது அவருக்குச் செய்யும் அநீதி. ஆனால் இந்த வேறுபாடு நமக்குச் சொல்வது என்ன? கொடிய அரசின் கீழ் வாழும் நிரலாளருக்கு ஆபத்து அதிகம் என்று. அவரே ஆபத்தானவர் என்று அது சொல்லவில்லை. ஒதுக்கும் கொள்கை இந்த இரண்டையும் குழப்பி, ஏற்கெனவே நெருக்கடியில் இருப்பவரைச் சக நிரலாளர்களின் துணையிலிருந்தும் வெட்டிவிடுகிறது. அதோடு, பின்வாசல் வைக்கப்பட்ட மென்பொருளைப் பயன்படுத்துகிறவருக்கு, அதை வைக்கச் சொன்னது நீதிபதியின் கையெழுத்தா காவலரின் பூட்ஸா என்பதால் சேதம் குறைவதில்லை.

மிரட்டல் எப்படி நடக்கும் என்பதற்கு மறைவில்லாத ஒரு சான்று உண்டு. சீனாவின் இணையத் தணிக்கையைத் தாண்ட உதவும் ஷேடோசாக்ஸ் மென்பொருளை உருவாக்கியவர் புனைபெயரில்தான் இயங்கினார். 2015 ஆகஸ்டில் அவர், நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒரு குறிப்பு எழுதினார்: இரண்டு நாள் முன்பு காவல்துறை வந்து வேலையை நிறுத்தச் சொன்னது, இன்று நிரல் முழுவதையும் நீக்கச் சொல்கிறது, பணிவதைத் தவிர வழியில்லை என்பது அதன் சாரம். நிரல் நீக்கப்பட்டது. ஆனால் அதற்குள் எண்ணற்ற பிரதிகள் பலரிடம் இருந்தன. வேறு நிரலாளர்கள் வேறு மொழிகளில் மாற்றி எழுதியும் வைத்திருந்தார்கள். மென்பொருள் சாகவில்லை. இதில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. காவல்துறை கேட்டது நீக்கத்தை. எல்லாருக்கும் தெரிகிற செயல் அது. சத்தமில்லாமல் ஒரு வரியை மாற்றச் சொல்லியிருந்தால்? அப்போது உலகம் அறிந்திருக்குமா என்பது அவருடைய நேர்மையைச் சார்ந்ததல்ல. அவருடைய மாற்றத்தை வேறு யாராவது வரி வரியாகப் படித்தார்களா என்பதைச் சார்ந்தது.

நாட்டைப் பார்த்து நம்பும் முறை எவ்வளவு பலவீனமானது என்பதை எக்ஸ்இசட் விவகாரத்தைப் போல வேறு எதுவும் காட்டியதில்லை. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறிய கருவி; ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும். பின்லாந்தைச் சேர்ந்த ஒருவர் பல ஆண்டுகளாகச் சம்பளம் இல்லாமல், பெரும்பாலும் தனியாகவே அதைப் பராமரித்தார். 2021இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். பயனுள்ள, ஒழுங்கான திருத்தங்கள். 2022இல், அதற்கு முன்பும் பின்பும் எங்கும் தென்படாத சில பெயர்கள் பராமரிப்பாளரை நச்சரித்தன: வேலை மந்தம், வேறு ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று. அவர் தன் மனநலச் சிக்கல்களைச் சொல்லி, இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்றும் நினைவூட்டினார். நச்சரிப்பு ஓயவில்லை. 2023 தொடங்கும்போது நேரடியாக நிரலை மாற்றும் உரிமை ஜியா டானிடம் இருந்தது. 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளிவந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் பின்வாசல் இருந்தது. அதன் உடல் சோதனைக் கோப்புகள் என்ற பெயரில், சிதைந்த சுருக்கக் கோப்புகளைப் போல ஒளிந்திருந்தது. அதை உயிர்ப்பிக்கும் கட்டளை வரியோ எல்லாரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று ஜியா டான் தானே கட்டிய தொகுப்பில் மட்டும் இருந்தது. டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில் தொலைநிலை உள்நுழைவுக்கான எஸ்எஸ்எச் சேவை, சிஸ்டம்டி நூலகம் வழியாகச் சுற்றி வளைத்து இந்தச் சுருக்கக் கருவியை ஏற்றிக்கொள்ளும். அந்தச் சந்தில்தான் பின்வாசல் நுழைந்தது. குறிப்பிட்ட சாவி வைத்திருப்பவர் மட்டுமே அதைத் திறக்க முடியும்.

ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் இல்லையென்றால் அது உலகின் வழங்கிகளில் பரவியிருக்கும். மைக்ரோசாஃப்டில் பணியாற்றும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலாளர் அவர். உள்நுழைவு சுமார் அரை நொடி தாமதமாவதையும், எஸ்எஸ்எச் தேவைக்கு மேல் கணிப்பொறியின் திறனை எடுத்துக்கொள்வதையும் கவனித்துத் தோண்டினார். 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். ஜியா டான் யார் என்று இன்றுவரை உறுதியாகவில்லை. அவருடைய மாற்றங்களின் நேரமுத்திரைகள் பெரும்பாலும் கிழக்காசிய நேரத்தைக் காட்டுகின்றன, சில இடங்களில் கிழக்கு ஐரோப்பிய நேரத்தை. நேரமுத்திரையை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். நிரலின் நுட்பத்தையும் பொறுமையையும் பார்த்து, இது ஓர் அரசின் வேலை என்று வல்லுநர் பலர் கருதுகிறார்கள், அது ஊகம்தான். ஊகம் சரியென்றே வைத்துக்கொண்டாலும், அந்த அரசு எந்த நிரலாளரையும் கைது செய்யவில்லை, கடவுச்சீட்டைப் பறிக்கவில்லை. களைத்துப்போன ஒரு மனிதரைக் கண்டுபிடித்து, அவருக்கு உதவி செய்தது. தேசியத்தை வடிகட்டும் எந்தச் சல்லடையிலும் இது சிக்கியிருக்காது.

அப்படியானால் புனைபெயரைத் தடை செய்து, எல்லாப் பராமரிப்பாளரிடமும் அடையாளச் சான்று கேட்கலாமே என்பது அடுத்த மறுப்பு. ஜியா டான் விஷயத்தில் அது ஓரளவு உதவியிருக்கலாம், போலிச் சான்று தயாரிப்பது அரசுகளுக்குப் பெரிய காரியமல்ல என்றாலும். ஆனால் அடையாளத்தை உறுதி செய்வது ஒரு வகை ஆபத்தைக் குறைக்கும்போதே இன்னொரு வகையைக் கூட்டுகிறது. பெயரும் ஊரும் தெரிந்த நிரலாளரைத் தேடிக் கண்டுபிடிக்க அரசுக்கு அலைச்சலே தேவையில்லை. டெபியன் தன் நிரலாளர்களின் சாவியை மற்ற நிரலாளர்கள் அடையாள அட்டை பார்த்துச் சான்றளிக்கும் வழக்கத்தைப் பல ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கிறது, நல்ல வழக்கம்தான். அந்தச் சான்று, இவர் இன்னார் என்று சொல்லும். கையெழுத்திடும்போது அவருக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று சொல்லாது. ஆக, போலி ஆளுக்கு எதிரான மருந்து, நெருக்கடிக்கு ஆளானவருக்கு நஞ்சாக முடியலாம். இதற்குப் பொதுவான விடை இல்லை. தணிக்கையைத் தாண்டும் கருவிகள் செய்பவர்களுக்குப் புனைபெயர் உயிர்க்கவசம். வங்கிகளும் மின்வாரியங்களும் சார்ந்திருக்கும் நூலகத்தில் வெளியீட்டு உரிமை உள்ளவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். ஒவ்வொரு திட்டமும் தன் பயனர் யார் என்று பார்த்துத்தான் இதை முடிவு செய்ய முடியும்.

நெருக்கடியையே பயனற்றதாக்கும் வழியை முதலில் தெளிவாகக் கண்டவர்கள், அடையாளம் மறைத்து உலவ உதவும் டோர் உலாவியைச் செய்பவர்கள். 2013இல், அமெரிக்க உளவுத்துறையின் கண்காணிப்பை அம்பலப்படுத்திய ஸ்னோடன் வெளியீடுகளை ஒட்டிய மாதங்களில், ஒரே மூலநிரலை யார் எந்தக் கணினியில் தொகுத்தாலும் ஒரு பிட்கூட மாறாத கோப்பு கிடைக்க வேண்டும் என்று அவர்கள் தங்கள் முறையை மாற்றி அமைத்தார்கள். அப்படி இருந்தால், வெளியீட்டைக் கட்டும் நிரலாளரை மிரட்டியோ அவர் கணினியில் புகுந்தோ எதையேனும் சேர்த்தால், வேறு நாட்டில் அதே நிரலைத் தொகுத்துப் பார்ப்பவருக்கு இரண்டு கோப்பும் பொருந்தாது. மிரட்டுபவரிடம் நிரலாளர் நேர்மையாகவே சொல்லலாம்: நான் செய்தாலும் நாளைக்கே தெரிந்துவிடும். அதே 2013 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தில் கூடிய டெபியன் மாநாட்டில் இதே முயற்சி தொடங்கியது. இன்று டெபியன் தொகுப்புகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இப்படிச் சரிபார்க்கத்தக்கவை. வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி வைத்திருப்பது மேலாளரைத் திருடன் என்று நினைப்பதால் அல்லவே. மேலாளரின் தலையில் துப்பாக்கி வைப்பதில் பலனில்லை என்று திருடனுக்குத் தெரிய வேண்டும் என்பதால்தான்.

இந்தத் தர்க்கம் லினக்ஸுக்கும் புதிதல்ல. 2003 நவம்பரில் யாரோ கெர்னலின் நிரலுக்குள் இரண்டே வரியைச் சேர்த்தார்கள். பிழைச் சோதனை போலத் தோன்றும் அந்த வரியில், ஒப்பிடுவதற்கான இரண்டு சமக்குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே இருந்தது. அதனால் அது பயனரின் எண் சுழியமா என்று கேட்பதற்குப் பதில் சுழியமாகவே ஆக்கிவிடும். அதாவது சாதாரணப் பயனரைக் கணினியின் முழு உரிமையாளராக்கிவிடும். படித்தவர் கண்ணுக்கு அது தப்பியிருக்கக்கூடும். பிடிபட்டதற்குக் காரணம், மூலக் களஞ்சியம் ஓரிடத்திலும் அதன் நகல் வேறிடத்திலும் இருந்து, இரண்டையும் ஒப்பிடும் வழக்கம் இருந்ததுதான். நகலில் இருந்த மாற்றம் மூலத்தில் இல்லை. செய்தவர் யார், எந்த நாடு என்று தெரியவில்லை. தெரியாமலேயே கேடு தடுக்கப்பட்டது.

யார் தொகுத்தாலும் ஒரே கோப்பைத் தரும் இந்த மறுஉருவாக்கத் தொகுப்பு முறை எல்லாவற்றையும் பிடிக்காது என்பார்கள். உண்மை. மூலநிரலிலேயே, வெறும் பிழை போலத் தோன்றும்படி வைக்கப்படும் ஓட்டையை அது பிடிக்காது. அதற்கு இன்னொரு மனிதர் படிக்க வேண்டும். எக்ஸ்இசட் விஷயத்திலும் களஞ்சியத்தையும் வெளியீட்டுத் தொகுப்பையும் ஒப்பிட்டிருந்தால் அந்தக் கட்டளை வரி வெளிப்பட்டிருக்கும், சோதனைக் கோப்பில் இருந்த மீதி வெளிப்பட்டிருக்காது. நிரலாளரின் சொந்தக் கோபத்தையும் அது தடுக்காது. 2022 மார்ச்சில் நோட்-ஐபிசி என்ற நூலகத்தின் அமெரிக்கப் பராமரிப்பாளர், உக்ரைன் போருக்கு எதிர்ப்பாக, ரஷ்ய, பெலாரஸ் முகவரியுள்ள கணினிகளின் கோப்புகளை அழிக்கும் நிரலைச் சேர்த்தார். எந்த அரசும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மிரட்டப்பட்டவர், போலி ஆள், கோபம் கொண்டவர் என்ற மூன்று வகைக்கும் பொதுவான ஓட்டை ஒன்றுதான்: தனி ஒருவர், வேறு யாரும் பாராமல், கோடிக்கணக்கான கணினிகளுக்கு நிரலை அனுப்ப முடிந்தது. 2025இல் ஈசிஜேசன் என்ற நூலகம் ரஷ்ய நிறுவனத்து நிரலாளர்கள் கையில் இருக்கிறது என்று ஓர் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் எச்சரித்தபோது, நிரலில் கள்ளத்தனம் எதையும் அது காட்டவில்லை. அந்த எச்சரிக்கையிலிருந்து கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி, இவ்வளவு பேர் பயன்படுத்தும் ஒன்றின் மாற்றங்களை வெளியாள் யார் படிக்கிறார்கள் என்பது. பின்லாந்தில் ஒருவர் தனியாகப் பராமரித்தாலும் கேட்க வேண்டிய கேள்வி அது.

கடைசியாக வரும் மறுப்புத்தான் மிகவும் கனமானது. இரண்டாவது ஆள் படிக்க வேண்டும் என்று சொல்வது எளிது. அந்த இரண்டாவது ஆள் எங்கே? பெரும்பாலான நூலகங்களுக்கு முதல் ஆளே கிடைக்கும் ஓய்வு நேரத்தில்தான் வேலை செய்கிறார். பாதுகாப்பின் பெயரால் அவர் தலையில் இன்னும் நான்கு விதிகளை ஏற்றினால், எக்ஸ்இசட்டில் நடந்ததைப் போல, உதவுகிறேன் என்று வரும் முதல் ஆளிடம் அவர் சாவியைக் கொடுத்துவிடுவார். இதற்கு விதிமுறையால் விடை கிடையாது, பணத்தால்தான் உண்டு. ஜெர்மனி 2022இல் பொதுப்பணத்தில் ஒரு நிதியம் தொடங்கி, அடிப்படைத் திறமூல மென்பொருட்களின் பராமரிப்புக்குக் கொடுத்து வருகிறது. அரசுப் பணம் வாங்கினால் அந்த அரசின் பிடி வராதா என்று கேட்டால், வரலாம்; பல நாட்டு நிதி கலந்தால் பிடி தளரும். தடைச்சட்டங்களுக்குக் கட்டுப்பட வேண்டிய அறக்கட்டளைகளும் தங்கள் கடமையை வெளிப்படையாகச் செய்ய வேண்டும்: எந்தச் சட்டம், யாருக்குப் பொருந்தும், நீக்கப்பட்டவர் எப்படி மேல்முறையிடலாம் என்பதை முதல் நாளிலேயே எழுத வேண்டும். 2024 அக்டோபரில் கெர்னல் சமூகத்துக்கு நேர்ந்த காயத்தில் பாதி அந்த மௌனத்தால் வந்தது என்பது என் துணிபு.

இந்தியாவுக்கு இதில் நேரடிப் பங்கு இருக்கிறது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனின் மேல் கட்டப்பட்டது. நம் அரசு அலுவலகக் கணினிகளுக்கென்று செய்யப்பட்ட அமைப்பின் அடித்தளத்தில் எத்தனையோ நாட்டு நிரலாளர்களின் கையெழுத்து இருக்கிறது. அதே இந்திய அரசு 2023 மேயில் காஷ்மீரைக் காரணம் காட்டி 14 செய்திச் செயலிகளைத் தடை செய்தபோது, எலிமெண்ட், பிரையர் ஆகிய திறமூலச் செயலிகளும் அதில் அடங்கின. இந்திய நிரலாளர்களைப் பற்றியும் வெளிநாட்டுத் திட்டம் ஒன்று நாளைக்கு அதே சந்தேகக் கேள்வியைக் கேட்கலாம், 69ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி. அந்தக் கேள்விக்கு நம் பிள்ளைகள் தேசப்பற்றைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. இந்த மென்பொருளைப் பயன்படுத்தும் அரசுத் துறைகளும், இதை வைத்துக் கோடிகளில் வணிகம் செய்யும் சென்னை, பெங்களூரு நிறுவனங்களும் தங்கள் பொறியாளர்களின் வேலை நேரத்தில் ஒரு பங்கை, தாங்கள் சார்ந்திருக்கும் நூலகங்களின் மாற்றங்களைப் படிக்கவும் தொகுப்புகளைத் தாங்களே மறுபடி கட்டிச் சரிபார்க்கவும் ஒதுக்க வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும்.